புதுப்பிப்பு: பாப்பாவுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கியதன் காரணம்

கிளைகோஜன் சேமிப்புக் குறைபாடு (உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையைத் தேவையானபோது எடுக்க முடியாத பிறவிக் கோளாறு) உள்ள என் மகளுக்கு விடியற்காலையில் சர்க்கரை இறங்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. சர்க்கரை இறங்காமலிருக்க ராத்திரி அவளுக்குக் கொடுக்கும் கார்ன்ஃப்ளாரை (மக்காச்சோள ஸ்டார்ச்), கோத்தகிரிக் குளிருக்குப் பயந்து அம்மா வெந்நீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். சூடு பட்டால் மாவு வெந்து சீக்கிரம் செரித்துவிடும்; பச்சையாக இருந்தால்தான் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல குளுக்கோஸாகும். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது ஆறின தண்ணீர்தான். ராத்திரி 2 மணிக்கு மாவு கரைத்துக் கொடுக்க, அலாரத்துக்கு முன்னால் அவரே எழுந்துவிடுகிறார்.

கடையில் கார்ன்ஃப்ளார் என்றே கேளுங்கள். சோள மாவு என்று கேட்காதீர்கள், வெள்ளைச் சோள (ஜோவர்) மாவைக் கொடுத்துவிடுவார்கள்.

கௌச்சர் நோய் (ஒரு நொதி குறைவதால் மண்ணீரல், கல்லீரலில் கொழுப்பு சேரும் அரிய பிறவி நோய்) பற்றிக் கேட்ட குன்னூர் அக்கா, அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் 2022 முதல் ரூ.50 லட்சம் வரை உதவி உண்டு. இதற்கென அரசு அறிவித்த சிறப்பு மருத்துவ மையம் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். பெங்களூரில் ஒன்று இருக்கிறது. மழைக்கு முன்னால் கிளம்புவோம், நானும் கூட வருகிறேன்.