ஆறு வயது மகனின் கட்டுக்கடங்காத ஆவேசம்: சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து ஒரு தாய்

வணக்கம். நாங்கள் நாகலூர் செல்லும் வழியில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் வாழ்கிறோம். கணவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். மூத்தவனுக்குச் சென்ற ஆவணியில் ஆறு வயது நிறைந்தது. இளையவளுக்கு ஒன்றரை வயது.

மகனுக்கு மூன்று வயதிலிருந்தே கோபம் அதிகம். "ஆண் பிள்ளை அப்படித்தான் இருப்பான், பள்ளிக்கூடம் போனால் அடங்கிவிடுவான்" என்று மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் சொன்னதை நானும் நம்பினேன். ஆனால் இந்த ஓராண்டில் அவன் தங்கையின் கையை இரத்தம் வரும்படி கடித்திருக்கிறான். காப்பி உலர்த்தும் களத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் நெற்றியில் கல்லெறிந்து, அந்தப் பிள்ளைக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்காக முக்கால் மணி நேரம் கத்தித் தலையைச் சுவரில் முட்டிக்கொள்பவன், ஓய்ந்ததும் ஒன்றுமே நடவாததுபோல என் மடியில் வந்து படுத்துத் தூங்கிவிடுகிறான். சென்ற மாதம் மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் வீட்டைவிட்டு ஓடியவனை, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே டார்ச் விளக்குடன் இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம்.

பள்ளியில் "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். சேலத்தில் நாங்கள் பார்த்த ஒரு மருத்துவர் தூக்கத்துக்கான மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்தார். அதைக் குடித்த நாட்களில் அவன் பகலெல்லாம் சோர்ந்து கிடந்து இரவில் இன்னும் முரண்டு பிடித்ததால் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். உறவினர்கள் பெங்களூருக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே அவனை எங்களிடமிருந்து பிரித்து வைத்துவிடுவார்களோ, வாழ்நாள் முழுவதும் மருந்து கொடுப்பார்களோ என்ற அச்சத்தில் எனக்கு உறக்கமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொறுக்கமாட்டாமல் இரண்டு முறை கரண்டிக் காம்பால் அவனை அடித்துவிட்டேன். அடித்த இரண்டு நாட்களிலும் மாலைக்குள் அவன் தங்கையை அதேபோல் அடித்தான். முதலில் யாரைப் பார்ப்பது என்று வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சூரமங்கலத்திலிருந்து ஒரு தந்தை

சகோதரி, கரண்டிக் காம்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது என் கை நடுங்கியது; ஏனெனில் நானும் என் மகனை அடித்தவன். அவனுக்கு இப்போது பத்து வயது. ஐந்து வயதில் அவன் இருந்த நிலையும் உங்கள் மகனின் நிலையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நாங்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றபோது, அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டது கோபத்தைப் பற்றியல்ல. "குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா, கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்?" என்றுதான் கேட்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பியதில், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வீங்கி இரவுத் தூக்கம் துண்டு துண்டாக உடைந்திருந்ததும், நடுச்செவியில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்திருந்ததும் தெரியவந்தன. நாங்கள் "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று அடித்த பல நேரங்களில் அவனுக்கு உண்மையிலேயே சரியாகக் கேட்டிருக்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் மனம் வலிக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆவேசம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உங்கள் மகனுக்கும் இதே காரணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. காது, தூக்கம், இரத்தசோகை ஆகியவற்றைப் பார்க்காமல் மனத்தைப் பற்றி மட்டும் பேசும் சிகிச்சையை ஏற்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மீதிப் பாதி எங்களால்தான் மாறியது. உளவியலாளர் எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை எழுதச் சொன்னார். ஒவ்வொரு ஆவேசத்துக்கும் முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று மூன்று பத்திகளாகப் பதினான்கு நாட்கள் எழுதினோம். எழுதிய பிறகுதான் புரிந்தது: பெரும்பாலான சண்டைகள் பசி வேளையிலும், கைபேசியைத் திடீரென்று பிடுங்கும்போதும் வந்தன; கத்தலை அடக்குவதற்காகப் பத்தில் ஏழு முறை நாங்களே அந்தக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அதன் பின் தினமும் பதினைந்து நிமிடங்கள், அவன் சொல்லும் விளையாட்டை, அறிவுரையோ கேள்வியோ இல்லாமல் அவனோடு விளையாடினேன். நல்ல செயலைக் கண்ட அந்த நொடியிலேயே, "செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாயே" என்று செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டினோம். யாருக்கும் காயம் ஏற்படுத்தாத கத்தலைக் கண்டுகொள்ளாமல் விட்டோம். ஆனால் கடிப்பதும் தலையை முட்டிக்கொள்வதும் அப்படி விடக்கூடியவை அல்ல என்று உளவியலாளர் சொல்லியிருந்ததால், அப்போது வாதாடாமல் உடனே தடுத்து, சிறியவர்களை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்தினோம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கத்தலுக்கு இணங்குவதை நிறுத்திய முதல் பத்து நாட்களில் கத்தல் குறையாது, கூடும். அது தோல்வி அன்று. இதுவரை பலித்த வழி பலிக்காததால் பிள்ளை இன்னும் ஓங்கி முயல்கிறான் என்பதே அதன் பொருள். அந்தப் பத்து நாட்களில்தான் பல வீடுகளில் மனம் தளர்ந்து பயிற்சியைக் கைவிடுகிறார்கள். நாங்களும் ஒருமுறை கைவிட்டு மீண்டும் தொடங்கினோம்.

பதில்: ஓய்வுபெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியை, அஸ்தம்பட்டி

அம்மா, முதலில் பெங்களூரு வேண்டாம், சேலத்திலேயே தொடங்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் குழந்தைகள் நலப் பிரிவும் உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய அமைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்தையும், அதாவது எல்லோரும் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மையத்தையும், அங்கே கேளுங்கள். பேச்சு, கேட்கும் திறன், கவனம், அறிவு வளர்ச்சி ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்ட பிறகுதான் இது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவும் துருதுருப்பும் சேர்ந்த நிலையா, ஆட்டிசமா, பேச வராததால் எழும் ஆத்திரமா, வீட்டு இறுக்கத்தின் எதிரொலியா என்று பிரித்தறிய முடியும். ஒரே பிள்ளையிடம் இவற்றுள் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம். எக்காரணமும் இல்லாமல் பார்வை நிலைகுத்தி, சில நொடிகள் அழைத்தாலும் உணராத தருணங்கள் இருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். வலிப்பு நோய் உண்டா என்று பார்க்க, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மருந்தைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஏ.டி.எச்.டி. என்றே உறுதியானாலும், ஆறு வயதுக்குக் கீழ் பெற்றோர்க்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஆறு வயதுக்கு மேல் பயிற்சியோடு மருந்தும் சேரலாம். ஆட்டிசத்துடன் வரும் கடும் ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்தைச் சில காலம் தருவது உண்டு. அதனால் பசியும் எடையும் கூடலாம் என்பதால் எடையையும் இரத்தப் பரிசோதனைகளையும் தவறவிடக்கூடாது. எதற்காக இந்த மருந்து, எத்தனை வாரத்தில் பலன் தெரியும், எப்போது நிறுத்துவோம் என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். தூக்க மருந்தால் அவன் நிலை மோசமானதையும், நீங்களே நிறுத்தியதையும் சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு அத்தகைய மருந்து அமைதிக்குப் பதிலாகப் படபடப்பைத் தருவதுண்டு.

பிரித்து வைத்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிறுவர்களை விதிவிலக்கான சூழ்நிலையில்தான் மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம். சேர்த்தாலும் பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் துணையாளோ சேர்க்கை முழுவதும் உடனிருக்க வேண்டும். சேலத்தில் மூன்று, நான்கு மாதங்கள் தொடர்ந்து சென்றும் முன்னேற்றம் இல்லையென்றால், ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரு தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸையோ, பெற்றோரையும் பிள்ளையையும் ஒருசேரத் தங்கவைத்துப் பயிற்சி தரும் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தையோ அப்போது நாடலாம். சேலத்துப் பதிவேடுகளைக் கையில் எடுத்துச் சென்றால் அங்கே மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிராது.

பள்ளியைப் பற்றி: எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருப்பதால், உங்கள் பள்ளி எவ்வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வகையானாலும் நீங்களாக மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சிகிச்சை தொடங்கியதற்கான சீட்டைக் காட்டி ஒரு பருவம் அவகாசம் கேளுங்கள். நள்ளிரவில் கைமீறிப் போனால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

பதில்: அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி

மகளே, உன் மாமியாரையும் மருத்துவமனைக்கு உடன் அழைத்துப் போ. என் பேரனை அழைத்துச் சென்றபோது முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் கெடுத்தவள் நான்தான். மருமகள் கண்டுகொள்ளாமல் இருக்கும் நேரத்தில் பிள்ளை அழுவது பொறுக்காமல் நான் மிட்டாய் கொடுத்துவிடுவேன். மருத்துவர் என்னையும் உட்கார வைத்துப் பக்குவமாகச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும், அதில் தவறில்லை. ஆனால் அதற்காக மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து அதே தாய்

மூவருக்கும் என் வணக்கம். அவன் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான், குறட்டையும் உண்டு. அதை யாரும் கேட்காததால் நானும் எங்கும் சொன்னதில்லை. நேற்றிரவு கணவரும் நானும் அவன் அருகில் அமர்ந்து வெகுநேரம் பார்த்தோம். மூச்சு நின்று நின்று வருவதுபோல் இருந்ததைக் கைபேசியில் படம்பிடித்து வைத்திருக்கிறோம். நோட்டையும் இன்று காலையிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். திங்கட்கிழமை மாமியாருடன் இறங்கி வருகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவனுக்கு வாந்தி வந்து அதிலேயே ஆவேசமும் தொடங்கிவிடும் என்பதுதான் இப்போதைய கவலை.

சூரமங்கலத்துத் தந்தை

அந்தப் படத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று வருவது தள்ளிப்போடக் கூடாத செய்தி. பயணத்துக்கு முன் வயிறு நிறையக் கொடுக்காமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். முன் இருக்கையில் சன்னலோரம் அமர்த்தி, ஒவ்வொரு வளைவின் எண் பலகையையும் அவனையே படிக்கச் சொல்லுங்கள். அடிவாரம் வந்ததும் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க விட்டு, அடுத்த பேருந்தில் ஏறுங்கள்.