மறு: ஸ்வே பாருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஸ்வே பார் என்பது ஒரே அச்சின் இடவலச் சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி உடல் சாய்வதைக் குறைக்கும் எஃகுக் கம்பி. அகராதிக்கு அதன் தமிழ்ச்சொல் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில்.

> 'உருள்தடுப்புத் தண்டு' நேரடியாகப் பொருள் தருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். உருள்தடுப்பு என்றதும் வண்டி கவிழாமல் காக்கும் கருவி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மூன்று: எடை மையத்தின் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவை எடுக்கும் வேகம். கம்பி இருந்தாலும் கழற்றினாலும் அந்த மொத்தம் ஏறக்குறைய அதேதான். கம்பி இருந்தால் வண்டி உடல் சாயும் கோணம் குறையும், மாறும் எடையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள பங்கு மாறும். அவ்வளவே. கூரையில் சுமை ஏற்றி, பெரிய டயரும் மாட்டியவர் 'தடுப்பு இருக்கிறதே' என்று நம்பிவிடக் கூடாது.

> அது முறுகும் கம்பிதானே? 'முறுக்குத் தண்டு' போதாதா?

அந்தப் பெயர் டார்ஷன் பாருக்குப் போய்விட்டது. சில டிரக்குகளில் முன்பக்கச் சுருள்வில்லுக்குப் பதிலாக எடையையே தாங்குவது அது. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கும். டார்ஷன் பாரைக் கழற்றினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். ஸ்வே பாரைக் கழற்றினால் நிற்கும் உயரம் மாறாது. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லா?

'நிலைநிறுத்தி'யும் சரிவராது. ஸ்டியரிங் உதறலைத் தணிக்கும் டேம்பரையும் (அதிர்வுத் தணிப்பானையும்) ஸ்டெபிலைசர் என்றுதான் பட்டறையில் சொல்கிறார்கள்.

என் பரிந்துரை 'சாய்வடக்கி'. ஒலியடக்கி ஒலியை அறவே நிறுத்துவதில்லை, குறைக்கிறது. இதுவும் சாய்வைக் குறைக்கத்தான் செய்கிறது.

> சொல் இருக்கட்டும். நெடுஞ்சாலையிலும் ஓடி, பாறைத்தடத்திலும் ஏறும் டிரக்குக்கு இது வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும், ஆனால் பாறைத்தடத்தில் இணைப்பிலிருந்து விடுவிக்கும்படி வேண்டும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேடேறினால் கம்பி தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்துக்குள் (புஷ்) சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கும்போதுதான் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகி எதிர்க்கும். சாலை வளைவில் நமக்கு வேண்டிய எதிர்ப்பு அதுதான். பாறைமேல் அதே எதிர்ப்பு, பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கும். இரு சக்கரங்களுக்கும் இயக்கத்தைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் லாக் இல்லையென்றால் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. தடிமன் கூட்டும்போதும் கவனம் தேவை: விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்றவை மாறாமல் 25 மி.மீ. கம்பியை 30 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்கு.

'கழற்றி எறி' என்று சொல்பவர்கள் எதை என்று சொல்வதில்லை. முன்பக்கத்தை மட்டும் நீக்கினால் சாய்வைத் தாங்கும் பங்கு பின் அச்சுக்குக் கூடும். அவசரத்தில் ஸ்டியரிங்கை வெட்டும்போது பின்பகுதி முன்னதாகவே வழுக்கும். நெடுஞ்சாலையில் இது ஆபத்து. பின்பக்கத்தை மட்டும் நீக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவு வளையாமல் முன்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு போகும். அதையாவது ஓட்டுநர் சமாளிக்கலாம். பாறைத்தடத்தில் விடுவிப்பதன் பலன் அதிகம் தெரிவது முன்னால் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சு உள்ள வண்டிகளில். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் தனிச் சஸ்பென்ஷனில் சக்கரத்தின் வீச்சே குறைவு, கழற்றினாலும் பெரிதாகக் கிடைக்காது.

கம்பியை அச்சோடு இணைக்கும் லிங்க்குகளில், கையால் ஆணி (pin) செருகிப் பூட்டும் வகை மலிவு. ஆனால் சமதரையில் நின்றுதான் மாட்ட வேண்டும். ஒரு சக்கரம் கல்மேல் இருந்தாலே துளைகள் நேர்ப்படாது. மண்ணில் படுத்துக்கொண்டு, ஒருவர் பம்பரை அழுத்த, அந்த ஆணியைத் தேட வேண்டியதுதான். விடுவித்த கம்பியை மேலே இழுத்துக் கட்டவும் மறக்கக் கூடாது, இல்லையென்றால் டயரிலோ பிரேக் குழாயிலோ உரசும். இந்தத் தொல்லைக்காகத்தான் ஜீப் ராங்ளர் ரூபிகானில் கம்பியை விடுவிக்க மோட்டார் வைத்தார்கள். சுமார் 29 கி.மீ. வேகம் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும். 2021 ஃபோர்டு பிராங்கோவில் ஹைட்ராலிக் அமைப்பு, கம்பி முறுகிய நிலையிலும் விடுபடும். டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் (KDSS) என்ற ஹைட்ராலிக் ஸ்வே பார் அமைப்பில் பொத்தானே கிடையாது, எண்ணெய் அழுத்தத்தில் தானே தளர்கிறது.

ஆகவே துணைச்சொற்களும் தேவை. மோட்டாரில் இயங்குவது 'தன்விடுவிப்பு'. கையால் செய்வதைக் 'கைவிடுவிப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். வண்டியையே கைவிட்டதுபோல் இருக்கிறது! 'கைமுறை விடுவிப்பு' என்றால் குழப்பமில்லை. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்குவதற்கு 'எதிர்வீச்சு' எனக்குப் பிடித்திருக்கிறது; இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

> சாய்வடக்கியில் 'தண்டு' விடுபட்டுப் போகிறதே?

போகட்டும். நிசான் பட்ரோல் ஒய்62-இன் ஹைட்ராலிக் அமைப்பில் அந்தக் கம்பியே கிடையாது. நான்கு டேம்பர்களும் எண்ணெய்க் குழாய்களால் இணைந்து அதே வேலையைச் செய்கின்றன. 'தண்டு' சேர்த்துவிட்டால் அதற்கு இன்னொரு சொல் தேட வேண்டிவரும். சாய்வடக்கி என்றால் அதையும் 'நீர்ம அழுத்தச் சாய்வடக்கி' என்று அகராதியில் இதே தலைப்பின் கீழ் போட்டுவிடலாம்.