முறிந்த எலும்பு கூடுவதற்கு மின்சாரம் தரும் முறை: ‘மின்தூண்டல்’ வேண்டாம் என்றால் வேறென்ன?

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான விளக்கத்தாளில் ஒரு சொல் இடறுகிறது. தொப்பூர் கணவாய் போன்ற இடங்களில் விபத்தாகி முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைகிறது. 9 மாதமாகியும் சேராமல், கடைசி 3 மாத எக்ஸ்ரேக்களில் மாற்றமும் இல்லையென்றால் ‘கூடாமுறிவு’ என்கிறோம். அந்தப் பெயர் சரிதான். இந்தப் பக்கம் எல்லோரும் “எலும்பு இன்னும் கூடலை” என்றுதான் சொல்கிறார்கள்.

அதற்கு மின்சாரம் தரும் முறைக்கு ‘எலும்பு மின்தூண்டல்’ என்று எழுதினோம். மாவுக்கட்டின் மேல் சுருள் வைக்கும் வகையை விளக்கும்போது வாக்கியம் இப்படி வந்து நின்றது: “சுருளில் ஓடும் துடிப்பு மின்னோட்டம் எலும்பில் சிறு மின்புலத்தைத் தூண்டுகிறது, அந்த மின்புலம் எலும்பணுக்களைத் தூண்டுகிறது.” முதல் தூண்டல் இயற்பியல் பாடத்தின் மின்காந்தத் தூண்டல். இரண்டாவது, உயிரியலில் வரும் தூண்டல்-துலங்கல். இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் பயிற்சி மருத்துவர்களே குழம்புவார்கள். ‘எலும்பு மின்சிகிச்சை’ போதுமா?

எலும்பு முறிவு மருத்துவர், தர்மபுரி

---

வணக்கம் ஐயா. ‘மின்சிகிச்சை’ வேண்டவே வேண்டாம்.

எங்கள் இயன்முறைப் பிரிவில் தசைக்கு மின்சாரம் தருவதை எல்லோரும் “கரண்ட் வைக்கிறது” என்பார்கள். சுருக்கென்று இழுக்கும், தசை துடிக்கும். அதையே எதிர்பார்த்துத்தான் இதற்கும் வருவார்கள். இதிலோ ஒன்றும் தெரியாது. தோலில் ஒட்டும் வகையில் 60 கிலோ ஹெர்ட்ஸ் அலை, உச்சிக்கு உச்சி 5 வோல்ட் அளவுதான். “மெஷின் ஓடலை” என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இது நாள் முழுவதும் உடம்பில் இருக்க வேண்டிய கருவி. பெயரில் சிகிச்சை என்றிருந்தால், வந்து அரை மணி நேரம் படுத்துப் போகும் வேலை என்றே நினைப்பார்கள்.

தாளில் இவற்றையும் சேருங்கள். தோலில் ஒட்டும் இரண்டு மின்வாய் வில்லைகளும் முறிவுக்கு நேராக, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். மாவுக்கட்டு இருந்தால் இரு பக்கமும் சன்னல் வெட்ட வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்தால் வில்லை நழுவும், வில்லைக்கும் தோலுக்கும் இடையிலுள்ள கூழ் காய்ந்தால் தொடர்பு அறுந்து கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பும். தோல் சிவந்து அரித்தால் வில்லையைச் சற்றே நகர்த்தலாம், முறிவின் நேரை விட்டு விலகக் கூடாது.

இயன்முறை மருத்துவர், அரூர்

---

‘எலும்புகூட்டு மின்னூட்டம்’ என்று முதலில் யோசித்தேன். ஒரு ‘க்’ விழுந்தால் எலும்புக்கூடு ஆகிவிடும். மின்னூட்டம் என்பது மின்சுமைக்குப் பாடநூல் தந்த பெயர். ‘எலும்பொட்டு’ என்றால், இடுப்பிலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு ஒட்டு நினைவுக்கு வரும். ஆகவே ‘முறிவுகூட்டு மின்னூக்கம்’. ‘ஊக்கம்’ வினையூக்கியில் ஏற்கெனவே பழகிய சொல்.

தமிழாசிரியர், கிருஷ்ணகிரி

---

ஊக்கம் மிகப் பொருத்தம், அம்மா. எலும்பில் மின்சாரம் நாம் புதிதாகக் கொண்டுபோய் வைப்பதல்ல. காய்ந்த எலும்பை அழுத்தினாலே மின்னழுத்தம் பிறக்கிறது என்று 1957இல் ஜப்பானில் புகாடாவும் யாசுதாவும் காட்டினார்கள். வளையும் எலும்பில் அழுத்தம் விழும் பக்கம் எதிர்மின் தன்மை கொள்ளும். அந்தப் பக்கமே எலும்பு சேரும். நாம் அந்தக் குறிப்பைச் சற்று உரக்கச் சொல்கிறோம், அவ்வளவே.

ஆனால் ‘முறிவுகூட்டு’ என்பதை முறிவை அதிகமாக்குவது என்றும் படிக்கலாமே! இந்தத் தாளில் அந்தப் பொருள் வரவே கூடாது. ‘கூடல்’ என்று பெயராக்கினால் அது போய்விடும். முறைக்கு ‘மின்கூடலூக்கம்’, கருவிக்கு ‘மின்கூடலூக்கி’. 20 நிமிடம் வைக்கும் 1.5 மெகா ஹெர்ட்ஸ் மீயொலிக் (அல்ட்ராசவுண்ட்) கருவி எலும்புக்கு மின்சாரமே செலுத்துவதில்லை; அதையும் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதற்கு ‘ஒலிக்கூடலூக்கி’ என்று தனிப் பெயர் கிடைத்துவிடும்.

வகைகளுக்குச் சிறு பெயர்களே போதும்: பதிமுறை, வில்லைமுறை, சுருள்முறை. பதிமுறையில் எதிர்மின்வாய்க் கம்பியை முறிவின் இடைவெளியிலேயே வைக்கிறோம், ஒரு கம்பிக்கு 20 மைக்ரோ ஆம்பியர். மிக அதிகமானால் எலும்பு வளராது, திசு சாகும். நேர்மின்வாய் அருகிலுள்ள மென்திசுவில். இரண்டும் இடம் மாறக் கூடாது. மின்கலத்தை எடுக்கப் பின்னால் இன்னொரு சிறு அறுவை உண்டு. சுருள்முறையில் எக்ஸ்ரே பார்த்து முறிவின் மட்டத்தை மாவுக்கட்டின் மேல் பேனாவால் பெருக்கல் குறியிட்டு, சுருளின் நடுவை அதன்மேல் வைக்க வேண்டும். பலரும் வீட்டில் குறியைப் பார்க்காமல் கட்டிக்கொள்கிறார்கள். விலக விலகப் புலம் வேகமாகக் குறையும்.

எந்த முறைக்கும் கட்டுப்படாதவை: எலும்பின் பருமனில் பாதிக்கு மேல் இடைவெளி, சீழ், எலும்பில் பொருத்தியும் ஆடும் தகடு, நீர் கோத்துப் பொய்மூட்டாகிப்போன (மூட்டுப்போல அசையும்) முறிவு. இவற்றுக்கு முதலில் அறுவைதான்.

எலும்பு முறிவு மருத்துவர், தர்மபுரி

---

‘மின்கூடலூக்கி’ எனக்குச் சம்மதம். தாளில் பெயருக்கு அடுத்த வரியாக இதை வையுங்கள்: “ஷாக் அடிக்காது, துடிக்காது. ஒன்றும் தெரியவில்லை என்று கழற்றாதீர்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், கட்டும் முன்பே சொல்லுங்கள்.”

இயன்முறை மருத்துவர், அரூர்