கட்டடத்தைப் பாடிய கவிதையா, கட்டடமாய் எழுந்த கவிதையா?

ஆய்வு மாணவி, திருவான்மியூர்:
அவையோருக்கு வணக்கம். பழந்தமிழ்க் கவிதைக்கும் கட்டடக் கலைக்கும் உள்ள உறவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். மாடம், மதில், வாயில் பற்றிய அடிகளை ஓராண்டாகத் தொகுத்தேன், நெறியாளர் படித்துவிட்டு, "இது பட்டியல்தானே அம்மா, கவிதை எங்கே?" என்று கேட்டுவிட்டார். ஒரு பாட்டு தானே ஒரு கட்டடம் போல் எழுப்பப்பட்டிருக்கிறது என்பதை எதை வைத்துக் காட்டலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்:
சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையே போதும். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, மழையில் நடுங்கும் கோவலரிடம் தொடங்கி, ஊர்த்தெருவுக்கு வந்து, நண்பகலில் இருகோல் நட்டு நிழல் பார்த்துக் கயிறிட்டு வகுத்த அரண்மனையை அடைகிறது. கொடியோடு யானை நுழையும் அளவுக்கு உயர்ந்த, 'குன்று குயின்றன்ன', அதாவது குன்றைக் குடைந்தாற்போன்ற வாயில். அதைக் கடந்தால் முற்றம். இன்னும் உள்ளே அந்தப்புரம். அங்கே, நாற்பது வயது நிரம்பிய யானையின் தந்தத்தைக் கடைந்து செய்த கட்டில். அதில் உறக்கமின்றி அரசி. இப்படி வாசல் வாசலாக நம்மை உள்ளே அழைத்துப் போன நக்கீரர், இறுதியில் ஒரே பாய்ச்சலில் பாசறைக்குக் கொண்டுபோய், நள்ளிரவுத் தூறலில் புண்பட்ட வீரர்களைக் காண நடக்கும் அரசன் முன் நிறுத்துகிறார். அவ்வளவு உயர்ந்த வாயில் யாருக்காக எழுப்பப்பட்டதோ, அவன் உள்ளே இல்லை. வாயிலின் உயரத்தைக் குறித்துக்கொண்டு இந்த வெறுமையை விட்டுவிட்டால் மிஞ்சுவது பட்டியல்தான்.

கட்டடக் கலைஞர், அடையாறு:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் மேடையின் அளவுகளைச் சொல்லும் அரங்கேற்று காதை உங்களை மயக்கும், எச்சரிக்கை. 24 விரல் ஒரு கோல். 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேலே உத்தரப் பலகை வரை 4 கோல். இதைக் கொண்டு வரைபடமே போட்டுவிடலாம், நானும் போட்டிருக்கிறேன். ஆயினும் அவை மேடையின் அளவுகளே தவிரப் பாட்டின் அளவுகள் அல்ல. கோல் கணக்கைச் சீர்க் கணக்கோடு பொருத்த முயல வேண்டாம்.

அதைவிட 'நூல்' என்ற சொல்லைப் பிடியுங்கள். மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலையும் மாந்தர் மனக்கோணலைத் தீர்க்கும் நூலையும் நன்னூல் என்ற இலக்கண நூல் அருகருகே வைக்கிறது. மாநகருக்குக் கோபுரம் எப்படியோ அப்படி நூலுக்குப் பாயிரம், அதாவது முன்னுரை, என்றும் சொல்கிறது. வேளச்சேரியில் என் பணியிடத்தில் கொத்தனார் இன்றும் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். தச்சர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை 'நூல்' என்றே எண்ணுகிறார்.

ஆய்வு மாணவி, திருவான்மியூர்:
நெடுநல்வாடையில் கயிறிடுபவர்கள் 'நூலறி புலவர்' அல்லவா! அந்த அடியை 'மனை வகுத்தல்' என்று தலைப்பிட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். கட்டடம் வகுத்தவரும் கவி பாடியவரும் ஒருவரே என்று இதைக்கொண்டு சொல்லலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்:
அவ்வளவு தூரம் போக வேண்டாம். அங்கே புலவர் என்பது துறை அறிந்தோர் என்ற பொருளில் வருகிறது. இருவருக்கும் ஒரே சொல் பொருந்தியது என்பதோடு நிறுத்துங்கள். ஓர் இயல் எழுத அது போதும். உ.வே.சா. 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையோடு அந்த அடிகளைப் படியுங்கள். பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் உள்ள நூலகம் உங்களுக்குப் பக்கம்தானே.