மறு: ஸ்பின்-ஆஃப் சண்டை ஆட்டங்கள் – கிளையாட்டமா, கன்றாட்டமா?

வணக்கம். ஒரு வீடியோ கேம் தொடரிலிருந்து பிரிந்து வேறு வகையாக வரும் ஆட்டத்தைத்தான் ஸ்பின்-ஆஃப் என்கிறோம்.

> ஸ்பின்-ஆஃப் என்பதற்குக் கிளையாட்டம் போதுமே, இன்னொரு சொல் எதற்கு?

கிளையாட்டம் பார்த்தவுடன் புரிகிற சொல்தான். ஆனால் கிளை மரத்தோடு ஒட்டியே வாழும், வெட்டினால் வாடிவிடும். 2008 டிசம்பரில் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த டிசிடியா என்ற சண்டை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தாய்த்தொடர் 1987இல் தொடங்கிய ஃபைனல் ஃபேன்டசி. முறைவைத்துத் தாக்கும் ஆர்பிஜியாக (பாத்திரமேற்று ஆடும் ஆட்டமாக) அது பிறந்தது. டிசிடியாவில் இருவர் நேருக்கு நேர் மோதுகிறார்கள். பாத்திரங்களும் இசையும் அங்கிருந்து வந்தவை, விளையாடும் விதம் புதிது.

வாழைத்தோப்பில் இதற்குச் சொல் இருக்கிறது: பக்கக்கன்று. தாய்வாழையின் கிழங்கில் முளைக்கும். பிரித்து நட்டால் தன் வேரில் நின்று குலை தள்ளும். எனவே என் பரிந்துரை கன்றாட்டம். 'கன்று பிரித்தல்' என்று வினையும் கிடைத்துவிடுகிறது.

> கன்று என்றால் மாடுதானே நினைவுக்கு வரும்?

தென்னங்கன்று, மாங்கன்று என்று தினமும் சொல்கிறோமே. தாய்த்தொடர் என்ற சொல் பக்கத்தில் நின்றால் குழப்பம் வராது. வழித்தோன்றல் என்றால் அடுத்த பாகம் என்று படுகிறது; துணையாட்டம் என்றால் பெரிய ஆட்டத்துக்குள் வரும் குட்டி ஆட்டம். இரண்டும் வேண்டாம்.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம், மதிப்புரைகள். 'கதை தாய்த்தொடர் அளவுக்கு இல்லை' என்று ஒருவர் மதிப்பெண் குறைப்பார். 'டெக்கன் மாதிரி இல்லை' என்று, அந்தச் சண்டை ஆட்டத் தொடரோடு ஒப்பிட்டு, இன்னொருவர் குறைப்பார். நட்ட இடத்தில் வேர் பிடித்ததா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

டிசிடியா வேர் பிடித்தது. அதில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன: துணிவு, உயிர். துணிவுத் தாக்குதல் எதிராளியின் துணிவைப் பறித்து உங்களிடம் சேர்க்கும், அவர் உயிரைத் தொடாது. உயிர்த் தாக்குதல் பட்டால்தான், சேர்த்த துணிவு அத்தனையும் அடியாக இறங்கும்; உடனே உங்கள் துணிவு சுழியமாகி, மெல்ல ஏறிவரும். எதிராளியிடம் 4,000 துணிவு, உங்களிடம் 3,000 உயிர் என்றால் ஒரே அடியில் ஆட்டம் முடிந்தது. உயிர் குறையாமலேயே தோல்வியின் விளிம்பில் நிற்கும் அந்தப் பதற்றத்தை, எண்களைப் பார்த்துப் பார்த்து ஆடும் ஆர்பிஜியிலிருந்து எடுத்துச் சண்டைக்குள் நட்டிருக்கிறார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுவேன்.

ஆனால் நிலை 100 வரை ஏற்றுவதும் கவசம் சேர்ப்பதும் கூடவே வந்துவிட்டன. தனியாக ஆடும்போது அது உழைப்புக்குக் கிடைக்கும் பரிசு. நண்பரோடு மோதும்போது, அதிக நேரம் ஆடியவருக்குத் திறமைக்கு மேல் ஒரு கை ஓங்கிவிடுகிறது. சண்டை ஆட்டத்தில் இது பெரிய குறை, இதற்கு மதிப்பெண் குறைக்கலாம்.

போக்கிமான் தொடரின் சண்டை ஆட்டமான போக்கன் டோர்னமென்ட் (2015இல் ஜப்பானிய ஆர்கேடுகள் என்ற விளையாட்டுக் கூடங்கள், 2016இல் வீ யூ கருவி) எதிர்வழியில் போனது. போக்கிமானின் உயிர்நாடியான நெருப்பு-நீர்-புல் சாதகபாதகத்தையே விட்டுவிட்டு, இயல்படி, பிடி, எதிரடி என்று ஒன்றை ஒன்று வெல்லும் மூன்றை வைத்தது. துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

'டிசிடியா, ஃபைனல் ஃபேன்டசியின் சண்டைவகைக் கன்றாட்டம்.'
'போக்கிமானிலிருந்து கன்று பிரித்த ஆட்டம் போக்கன்.'

இரண்டும் நாக்கில் இடறவில்லை.

அப்புறம், சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸை இதில் சேர்க்க எனக்குத் தயக்கம். 1999இல் வந்த முதல் ஆட்டத்திலேயே மாரியோ, செல்டா, போக்கிமான் என்று பல தொடர்களின் பாத்திரங்கள் மோதின. தாய் ஒன்றில்லை என்பதால் கன்றாட்டம் பொருந்தாது. 'தொடர்க்கலப்பு ஆட்டம்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்