மறுமொழி: கிரேக்க ‘ஹீரோ’வுக்குத் தமிழ்ச் சொல் – ‘பட்டவர்’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுக்கும் கிரேக்கத் தொன்மச் சொற்பட்டியலில் ‘தெய்வம்’ சண்டையில்லாமல் முடிந்தது. ‘டைட்டன்’ என்பதை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம் என்பதிலும் எல்லோரும் ஒருமனம். ‘ஹீரோ’வில்தான் மூன்று வாரமாக முட்டிக்கொண்டு நிற்கிறோம். வீரர், காப்பிய நாயகர், அரைத்தெய்வம், மாவீரர் என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. ஹீரோ என்றே எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம் என்கிறார் ஒரு நண்பர்.

அவரிடமிருந்தே தொடங்குகிறேன். ஹீரோ என்றதும் நம் ஆட்களுக்குக் கட்அவுட்டும் பாலாபிஷேகமும்தான் நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் அது ‘ஹீரோஸ்’; கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் எழுதினால் ‘ஈரோசு’ ஆகிவிடும். அதுவோ காதல் தெய்வத்தின் பெயர். பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இந்த இரண்டு சொற்களையும் வேண்டுமென்றே முடிச்சுப் போடுகிறார்: தெய்வங்களும் மனிதரும் காதலித்துப் பிறந்தவர்கள் என்பதால் ஈரோஸிலிருந்து ஹீரோஸ் வந்ததாம். அவர் செய்யலாம், நம் பட்டியல் செய்யக்கூடாது.

‘அரைத்தெய்வம்’ சொன்னவர் பக்கம் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட் இருக்கிறார். பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று போகும் மனிதத் தலைமுறைகளுக்கு நடுவே, வெண்கலத்துக்கும் இரும்புக்கும் இடையில், தீப்ஸிலும் டிராயிலும் போரிட்டு மாண்டவர்களின் தலைமுறை ஒன்றைச் செருகி, அவர்களை அரைத்தெய்வங்கள் என்றே அழைக்கிறார். அக்கிலீசுக்கு அது பொருந்தும், தாய் கடல்தேவதை. ஒடிசியசுக்கு? தாயும் தந்தையும் மனிதர்கள். ஹெக்டருக்கும் அப்படியே. ஸ்பார்ட்டாவின் தளபதி பிராசிடாஸ் வரலாற்று மனிதர். கி.மு. 422இல் ஆம்ஃபிபொலிஸ் நகரைக் காக்கும் போரில் இறந்தார். அந்நகரத்தார் அவரை ஊருக்குள்ளேயே புதைத்து, வேலி போட்டு, ஹீரோவாக வைத்து ஆண்டுதோறும் பலியும் விளையாட்டுப் போட்டிகளும் நடத்தினார்கள். அவரிடம் எந்த அரையும் இல்லை.

‘மாவீரர்’ நல்ல சொல்தான். ஆனால் ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் 1989 முதல் நவம்பர் 27ஆம் நாளோடு சேர்ந்து அந்தச் சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்து நண்பர் போன மடலில் சொன்னதை ஏற்கிறேன், தொட வேண்டாம்.

மிச்சம் ‘வீரர்’. பெரும்பான்மை வாக்கு இதற்குத்தான் என்று தெரியும். அதனால்தான் இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, நெமியாவின் ஒஃபெல்டிஸ். கைக்குழந்தை. நடக்கக் கற்கும்வரை தரையில் விடாதீர்கள் என்று குறிவாக்கு. தீப்ஸ் மீது படையெடுத்துப் போன எழுவர் வழியில் தண்ணீர் கேட்க, ஊற்றைக் காட்டுவதற்காகச் செவிலித்தாய் குழந்தையைக் காட்டுச் செலரிச் செடிமேல் கிடத்திவிட்டுப் போனாள். பாம்பு கொன்றுவிட்டது. அந்தக் குழந்தைக்காக ஏற்பட்டவைதான் நெமியப் போட்டிகள். வென்றவருக்குச் செலரித் தழையில் முடி. நடுவர்கள் துக்கத்துக்காகக் கறுப்பு உடுத்தினார்கள். நெமியாவில் ஒஃபெல்டிஸின் வழிபாட்டிடத்தை அகழ்ந்தும் கண்டிருக்கிறார்கள். கிரேக்கர் கணக்கில் அந்தக் குழந்தை ஹீரோ. வாள் தூக்கியதில்லை, ஒரு சொல் பேசியதில்லை. ‘வீரர்’ என்றால் எப்படி?

இரண்டாவது கதை கொஞ்சம் கொடூரம். அஸ்டிபாலையா தீவின் கிளியோமெடிஸ், குத்துச்சண்டைக்காரன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டான். முறைகேடு என்று நடுவர்கள் வெற்றியைப் பறித்தார்கள். துயரத்தில் புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன், அறுபது பிள்ளைகள் இருந்த பள்ளிக்கூடத்தின் தூணைப் பிடித்து இழுத்தான். கூரை பிள்ளைகள் தலையில் விழுந்தது. ஊர் கல்லெறிந்து துரத்த, ஏதீனா கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடியை இழுத்துக்கொண்டான். பெட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆள் இல்லை, பிணமும் இல்லை. டெல்ஃபிக் கோயிலில் குறி கேட்டார்கள். ‘ஹீரோக்களில் கடைசி ஆள் இவன், இனி இவன் மனிதன் அல்ல, பலியிட்டு வணங்குங்கள்’ என்ற பொருளில் பதில் வந்தது. அஸ்டிபாலையாக்காரர்களும் வணங்கினார்கள். பயண நூல் எழுதிய பௌசானியாஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நல்லவரா, வென்றவரா என்பதெல்லாம் அங்கே கணக்கே இல்லை. அசாதாரணமாக முடிந்துபோன ஓர் உயிர், அதற்கு ஓர் இடம், அந்த இடத்தில் படையல். கவனிக்காவிட்டால் ஊருக்குக் கேடு, கவனித்தால் காவல். ஸ்பார்ட்டாக்காரர்கள் தெகேயா நகரை வெல்ல முடியாமல் டெல்ஃபியில் குறி கேட்டபோது, அகமெம்னானின் மகன் ஒரெஸ்டீஸின் எலும்பைக் கொண்டு வாருங்கள் என்றுதான் பதில் கிடைத்தது. ஒரு கொல்லர் கிணறு தோண்டும்போது ஏழு முழப் பேழை அகப்பட்டது என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். எலும்பு எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊருக்குப் பலம். ஒலிம்பியாவில் பெலோப்ஸுக்குக் கறுப்புக் கிடா வெட்டுவார்கள். அந்த இறைச்சியைத் தின்றவர் ஜீயஸ் கோயிலுக்குள் போகக்கூடாது. தெய்வத்தின் படையல் வேறு, ஹீரோவின் படையல் வேறு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சொல்தான் நாக்கில் வருகிறது: பட்டவர். செங்கம் பகுதி நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ (ஆநிரையை மீட்டு மாண்டான்) என்று வருமே, அந்தப் பட்டான். கிராமங்களில் இன்றும் பட்டவன் சாமி உண்டு. துர்மரணம் அடைந்தவரைச் சாமியாகக் கும்பிடுவது. பட்டவன், பட்டவள், பட்டவர் என்று பாலுக்கும் இடம் கொடுக்கிறது. ஹெலனுக்கு ஸ்பார்ட்டா அருகே தெரப்னேயில் வழிபாடு இருந்தது. அவளை ‘வீராங்கனை’ என்று எழுதும் சங்கடமும் தீரும்.

இணைச்சொல்லாக, ஹீரோவின் கல்லறைக் கோயிலான ‘ஹீரோஆன்’ என்பதற்குப் பள்ளிப்படை. சோழர்கள் இறந்த அரசர்மேல் எழுப்பிய கோயிலுக்கு வழங்கிய பெயர். அதில் லிங்கம் இருக்கும், இதில் இருக்காது. அந்த வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

அடித்து நொறுக்குங்கள்.

அன்புடன்.

*

தம்பிக்கு,

கிளியோமெடிஸ் கதைக்கு நன்றி. இரவில் படித்தது தப்பு. மூன்று இடறல்கள் தென்படுகின்றன.

> இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சொல்தான் நாக்கில் வருகிறது: பட்டவர்.

ஹோமரின் காப்பியங்களில் என்ன செய்வீர்கள்? அங்கே ஹீரோ என்பது உயிரோடு இருப்பவர்களுக்கான மரியாதைச் சொல். ஒடிசியில் பாடகர் டெமொடோகஸ் ஹீரோ. பெனெலொப்பியைப் பெண் கேட்டு வந்த கூட்டத்துக்கு மதுக் கலக்கிக் கொடுக்கிற தூதன் மூலியஸ்கூட ஹீரோ. கிண்ணத்தோடு நிற்கிற ஆளைப் ‘பட்டவர்’ என்றால் அவனே பயந்து கிண்ணத்தைப் போட்டுவிடுவான்.

அடுத்து, எழுத்துச் சிக்கல். நம் உரைநடையில் ‘-ப்பட்டவர்’ எத்தனை! ‘வழிபடப்பட்டவர் பட்டவர்’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். தேடுபொறியில் போட்டால் கைது செய்யப்பட்டவர், பாதிக்கப்பட்டவர், பரிந்துரைக்கப்பட்டவர் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, ‘பட்டவனுக்குத்தான் தெரியும்’ என்று வீட்டில் சொல்வோம். அங்கே பட்டது அனுபவம், சாவு இல்லை.

மாற்றாக நான் யோசித்தது குறளில் (771) உள்ள ‘கல்நின்றவர்’. எதிர்த்து நின்று மடிந்து கல்லாகி நிற்பவர். சுருக்கம், அழகு, ஐயமில்லை. நேற்று மாலைவரை இதுதான் முடிவு என்று இருந்தேன். பேத்தியிடம் சொன்னேன். ‘பாட்டி, கிரேக்கக் கதையில் கல்லாய் நின்றவங்கன்னா மெதூசாவைப் பார்த்தவங்கதானே?’ என்றாள். அத்தோடு கைவிட்டேன்.

*

அம்மா,

பேத்தியை நம் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

ஹோமர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் அதைக் கவனிக்காமல் விட்டது உண்மை. ஆகவே ஒரே சொல் என்ற பிடிவாதத்தை விடுகிறேன். பட்டியலில் இரண்டு பதிவுகள் போடலாம்: காப்பியத்தில் வரும்போது ‘வீரர்’, வழிபாட்டில் வரும்போது ‘பட்டவர்’. டெமொடோகஸுக்கு ‘வீரர்’ கொஞ்சம் பெரிய சட்டைதான், ஆனால் கிரேக்கத்திலும் அது அவருக்குப் பெரிய சட்டைதானே.

ஒரே கிரேக்கச் சொல்லை இரண்டாகப் பிளக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். பயன்பாட்டில் கிரேக்கரே பிளந்திருக்கிறார்கள். ஹெராகிளீசுக்கு இரண்டு கோயில்கள் கட்டுபவர்களே சரியாகச் செய்கிறார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். ஒன்றில் ஒலிம்பியத் தெய்வமாகப் பலி, மற்றதில் ஹீரோவாகப் படையல். இரண்டுக்கும் அவர் போடும் வினைச்சொற்களே வேறு. என் பரிசோதனை இந்த வாக்கியம்தான். ‘ஒன்றில் தெய்வமாகவும் மற்றதில் வீரராகவும் வணங்கினர்’ என்று எழுதினால் வாசகர் தலையைச் சொறிவார்: வீரராக எப்படி வணங்குவது? ‘ஒன்றில் தெய்வமாகவும் மற்றதில் பட்டவராகவும்’ என்றால் தென்மாவட்டத்து வாசகருக்கு விளக்கமே வேண்டாம்.

‘-ப்பட்டவர்’ சிக்கலுக்கு முழு மருந்து இல்லை. தனியாக நிற்கவிடாமல் பட்டவர் வழிபாடு, பட்டவர் பலி, பட்டவர் கோயில் என்று கூட்டுச்சொல்லாக எழுதினால் பாதி தீரும். தனித்து வர வேண்டிய இடத்தில் ஒருமையில் பட்டவன், பட்டவள். ஒஃபெல்டிஸ் குழந்தைக்கு? ‘பட்ட குழந்தை’. இதை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனால் பொருள் அதுதான்.

பெலோப்ஸின் கறுப்புக்கிடா பத்தியை ‘வீரர்’ போட்டு ஒன்றும் ‘பட்டவர்’ போட்டு ஒன்றுமாக எழுதி நாளைக்கு அனுப்புகிறேன். சத்தமாக வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கிமேரா: முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பு. ‘அரக்கி’ என்று போட்டிருக்கும் நண்பர் தயாராக இருக்கட்டும், எனக்கு யாளி நினைவாகவே இருக்கிறது.

அன்புடன்.