கப்பலூரில் 140 பேர் வேலை செய்யும் ஆலை: சங்கத்தில் சேர்ந்தால் என்ன வரும், என்ன போகும்?

கப்பலூர்_டர்னர் (கேள்வி)

வணக்கம். வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை. நிரந்தரம் 62 பேர், ஒப்பந்தம் 50, அப்ரண்டிஸ் 28. அடிப்படைச் சம்பளம் நான்கு வருசமாக நகரவில்லை. அலவன்ஸ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. சங்கம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும், "நலக் கமிட்டி அமைத்துத் தருகிறோம், அதிலேயே எல்லாம் பேசிக்கொள்ளலாம்" என்று நிர்வாகம் சொல்கிறது. சங்கத்தில் சேர்ந்தால் உண்மையில் என்ன மாறும்? முதலில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு என்ன ஆபத்து? சட்டம் தெரிந்தவர்கள் எண்ணிக்கையோடு சொல்லுங்கள்.

செல்லூர்_தறி

தம்பி, முதலில் அந்தக் கமிட்டி விசயம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர் குழு வைப்பது சட்டப்படியே நிர்வாகத்தின் கடமை. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மிகாமல். தனி ஆளின் குறைக்கு அது உதவும். ஆனால் ஊதிய ஒப்பந்தம் போட அதற்கு அதிகாரம் கிடையாது. நலக் கமிட்டி என்ற பெயரில் வைப்பதற்கு அந்த அளவு பலமும் இல்லை. கமிட்டி வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, அது சங்கத்துக்கு மாற்று அல்ல என்பதில் தெளிவாக இருந்தால் போதும்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புதான் நடப்புச் சட்டம். பழைய 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் விதிகள் பல அதற்குள் அப்படியே வந்திருக்கின்றன. பதிவுக்கு, ஆலையில் வேலை செய்வோரில் 10% அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது. ஏழுக்குக் கீழே போகக் கூடாது. 140 பேரையும் எண்ணினால்கூட 14. ஆனால் 14 கையெழுத்தோடு போகாதீர்கள். விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "நான் விலகுகிறேன்" என்று எழுதி வாங்குவார்கள். விண்ணப்பதாரர்களில் பாதிப் பேர் வரை விலகினாலும் விண்ணப்பம் செல்லும், பாதியைத் தாண்டினால் விழுந்துவிடும். 30, 35 கையெழுத்து இருந்தால்தான் தாங்கும்.

பைலாவில் (சங்கத்தின் விதித் தொகுப்பு) சங்கத்தின் பெயர், நோக்கம், சந்தா, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை, நிதிப் பாதுகாப்பு, தணிக்கை, விதி திருத்தம், கலைப்பு எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தொழிற்சங்கப் பதிவாளர் திருப்பி அனுப்புவார், அதில் மாதங்கள் கரையும். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயரைச் சேர்ப்பதும் இழுபறியாகலாம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு.

பதிவு ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீது பக்கிங்காம் மில் நிர்வாகம் வழக்குப் போட்டு, சங்கத் தலைவர்கள் செயல்பட முடியாதபடி தடை வாங்கியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 1926 சட்டம். வேலைத் தகராறை ஒட்டிச் சங்கம் சட்டத்துக்கு உட்பட்டு எடுக்கும் நடவடிக்கைக்காக நட்டஈடு கேட்டோ, சதி என்று சொல்லியோ வழக்குப் போட முடியாத காப்பு பதிவான சங்கத்துக்கு மட்டும்தான்.

பதிவு முடிந்தாலே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுவிட மாட்டார்கள். ஒன்றுக்கு மேல் சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் (ஆலையின் தொழிலாளர் பதிவேடு) உள்ளவர்களில் 51% பேர் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதுதான் பேசும் சங்கம். ஒப்பந்த ஆட்கள் காண்ட்ராக்டர் ரோலில் இருந்தால் உங்கள் கணக்கு 62-க்கு 32. யாருக்கும் 51% இல்லையென்றால் 20% உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவாக உட்காரும். சாதிக்கொன்று, ஷிப்டுக்கொன்று எனப் பிரிந்த ஆலைகளில் இப்படி நடந்துதான் கோரிக்கை நீர்த்துப் போகிறது.

இனி சம்பளம். அதிகாரி முன்னிலையில் சமரசத்தில் போடும் ஒப்பந்தம் (பழைய தொழில் தகராறுச் சட்டப் பிரிவை வைத்து இன்னும் எல்லாரும் 12(3) என்றே சொல்கிறார்கள்) உறுப்பினர் அல்லாதவரையும் சேர்த்து எல்லாரையும் கட்டுப்படுத்தும். தனியாகப் போடும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புக்கு மட்டும். ஆகவே அதிகாரி முன்னிலையில் போட வையுங்கள்.

உயர்வு எதில் சேர்கிறது என்று பாருங்கள். 4,000 ரூபாய் அடிப்படையில் ஏறினால், அந்த 4,000-க்கு நிர்வாகத்தின் பி.எஃப். பங்கு 12%, அதாவது மாதம் 480. கிராஜுவிட்டியில் 15/26 கணக்கில் (மாதத்தை 26 நாளாக வைத்து 15 நாள் சம்பளம்) ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் சுமார் 2,300. ஓவர்டைம் இரட்டிப்பும் அதன் மேல்தான். அலவன்சில் ஏற்றினால் இவை பெரும்பாலும் தப்பிவிடும். புதிய தொகுப்பில், ஊதியக் கணக்கில் சேராத அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும் என்று இருக்கிறது. உங்கள் ஸ்லிப்பை வைத்து அதையும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, உயர்வுக்குப் பதிலாக உற்பத்தி நார்ம்ஸ் கேட்பார்கள். "ஷிப்டுக்கு இத்தனை பீஸ்" என்று எழுதும்போது, மெஷின் நிற்கும் நேரம், டூல் மாற்றும் நேரம், மெட்டீரியல் வராத நேரம் கழிக்கப்படும் என்ற வரி கட்டாயம் வேண்டும். அந்த வரி இல்லாமல் கையெழுத்திட்டால், மெட்டீரியல் தாமதத்துக்கும் உங்கள் மேல்தான் மெமோ வரும்.

மேலூர்_ரோடு

நல்லதைச் சொல்லிவிட்டார் அண்ணன். இழப்பையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நிர்வாகத்துக்கு விசயம் தெரிவதற்கும் பதிவுச் சான்று கைக்கு வருவதற்கும் இடைப்பட்ட காலம்தான் மிக ஆபத்தானது. சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் இடம் மாற்றுவதும் நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் "சங்கத்தில் சேர்ந்தாய்" என்று யாரும் மெமோ கொடுப்பதில்லை. தாமதம், ரிஜெக்‌ஷன், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியது என்றுதான் வரும். அந்த மாதங்களில் வருகைப் பதிவும் தரமும் சுத்தமாக இருக்கட்டும்.

வேலைநிறுத்தம் என்றால் இப்போது எல்லா ஆலைக்கும் 14 நாள் நோட்டீஸ். சமரசம் நடக்கும் காலத்திலும் அது முடிந்து 7 நாள் வரையிலும் நிறுத்தக் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ நோட்டீஸ் இல்லாமல் சேர்ந்து வராமல் இருந்தால், வராத நாள் சம்பளத்துக்கு மேல் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம்.

பலர் கவனிக்காதது இ.எஸ்.ஐ. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாள் பங்களிப்பு இல்லையென்றால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கிடையாது. நீண்ட வேலைநிறுத்தம் அந்த நாள் கணக்கைத்தான் தின்னும். உடல்நிலை சரியில்லாத தொழிலாளர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சந்தா எங்கே போகிறது என்றும் பாருங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு. அரசியல் செலவைப் பொது நிதியிலிருந்து எடுக்கக் கூடாது. அதற்குத் தனி நிதி, அதில் கட்டாயம் இல்லை. மத்தியச் சங்கத்தோடு இணைவதென்றால் வக்கீல் உதவி, பேச்சுவார்த்தை அனுபவம் எல்லாம் கிடைக்கும். எந்தக் கோரிக்கையில் விட்டுக்கொடுப்பது என்ற முடிவு மட்டும் ஆலைக்குள் இருப்பவர்கள் கையில் இருக்க வேண்டும். அதைப் பைலாவிலேயே எழுதிவிடுங்கள்.

கப்பலூர்_டர்னர்

நன்றி அண்ணே. ஒப்பந்தம், அப்ரண்டிஸ் ஆட்களையும் சேர்க்கலாமா? சஸ்பெண்ட் ஆனால் என்ன செய்வது?

செல்லூர்_தறி

அப்ரண்டிஸ் சட்டப்படி பயிலுநர்தான், தொழிலாளி அல்ல. கையெழுத்துப் போட வைத்தால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து, பதிவுக்கும் ஆட்சேபம் வரும். அவர்களை விட்டுவிடுங்கள்.

ஒப்பந்த ஆட்கள் உறுப்பினராகலாம். அவர்களுக்குத் தமிழ்நாட்டின் 1981 நிரந்தரத் தகுதிச் சட்டம் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரம் கோரும் உரிமை, 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில். ஆனால் காண்ட்ராக்டர் பெயரை மாற்றி மாற்றி நாளை உடைப்பார்கள். காண்ட்ராக்ட் வெறும் பெயருக்குத்தான், வேலை வாங்குவது ஆலைதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம், கேட் பாஸ், ஆலை சூப்பர்வைசர் எழுதிய ஷிப்ட் சார்ட் ஆகியவற்றை இப்போதே நகலெடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வேலை போன பிறகு கேட்டுக்குள் போய் எடுக்க முடியாது.

சஸ்பென்ஷனுக்கு நம் மாநிலத்தில் பிழைப்பூதியச் சட்டம் உண்டு: முதல் 90 நாள் 50%, 180 நாள் வரை 75%, அதற்கு மேல் முழுச் சம்பளம். அந்தக் காலத்தில் வேறு இடத்தில் வேலை செய்தால் கிடைக்காது. சார்ஜ் மெமோவை வாங்க மறுக்காதீர்கள். தேதி போட்டு வாங்குங்கள். ஆதார ஆவணங்களின் நகல் கேட்டு, அவகாசமும் கேட்டு, கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் போடுங்கள். ஆலையில் பெற்றுக்கொள்ள மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம். உள்விசாரணையில் சக ஊழியர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். நடவடிக்கைகள் தமிழில் பதிவாகட்டும், படிக்காமல் எந்தப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டாம்.

சங்கம் பதிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியல் கொடுப்பது. மொத்தத் தொழிலாளரில் 1% என்பது விதி, குறைந்தது 5 பேர். உங்கள் ஆலைக்கு 5. தகராறு நிலுவையில் இருக்கும்போது அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் அவர்களை நீக்க முடியாது. தலைவர், செயலாளரோடு அந்தப் பட்டியலை நிறுத்தாதீர்கள். முதல் கையெழுத்துப் போட்டவர்களில் யார் மேல் மெமோ வர வாய்ப்பு அதிகமோ அவரையும் நிர்வாகியாக்கிப் பட்டியலில் சேருங்கள்.